இரண்டு சமையல் குழு, ஒரே கோட்டை அடுப்பு
விமான நிறுவனங்கள் இணைந்தால் பைலட்டின் சீனியாரிட்டி என்ன ஆகிறது?

விழுப்புரத்துக்குப் பக்கத்தில், பம்பையாற்றங்கரையில் இருக்கிறது திருவாமாத்தூர். அபிராமேசுவரர் கோயில் ஒரு பக்கம், முத்தாம்பிகை அம்மன் கோயில் நேர் எதிரே. இந்த ஊரில் இரண்டு கல்யாணச் சமையல் குழுக்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று சாமி பக்கத்துக் குழு, இன்னொன்று அம்மன் பக்கத்துக் குழு. இரண்டும் கற்பனைதான். ஆனால் 2007-ல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் இணைந்த பிறகு பைலட்டுகள் ஏன் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள், 2024-ல் விஸ்தாரா ஏன் தினமும் விமானங்களை ரத்து செய்தது என்பதையெல்லாம் விளங்கிக்கொள்ள இந்த இரண்டு குழுக்களே போதும்.

நோட்டில் ஒரு வரிசை

சாமி பக்கத்துக் குழு பழையது. 12 பேர். நான்கு பேர் மாஸ்டர்கள், எட்டுப் பேர் அவர்களுக்குக் கைத்துணை. ஆயிரம் இலை விழுகிற பெரிய கல்யாணங்கள்தான் இவர்களுக்கு வரும். கோட்டை அடுப்பு வெட்டி அண்டா ஏற்றுகிற வேலை. பெரிய கல்யாணம் மாதத்துக்குச் சிலதான் என்பதால் மாஸ்டர் இடம் காலியாவதும் அபூர்வம். இவர்களில் கடைசியாகச் சேர்ந்தவர்கூட 2011-ல் சேர்ந்தவர்.

அம்மன் பக்கத்துக் குழு 2014-ல் தொடங்கியது. ஆறு பேர். நிச்சயதார்த்தம், வளைகாப்பு, காதுகுத்து என்று சின்னச் சின்ன விசேஷங்கள். அடுப்பு சிறியது, ஆனால் நாள்தோறும் எரியும். வேலை நிறைய இருப்பதால் ஆட்கள் சீக்கிரம் மாஸ்டர் ஆகிவிடுகிறார்கள். ஆறு பேரில் மூன்று பேர் மாஸ்டர்கள். எல்லாரும் இளவயது.

இரண்டு குழுவிலும் ஒரு நோட்டு உண்டு. சேர்ந்த வரிசைப்படி அதில் பெயர்கள். அடுத்த மாஸ்டர் யார், பெரிய கல்யாணத்துக்கு யார் போவது, தீபாவளிக்கு யாருக்கு லீவு, ஆடி மாதம் வேலை குறைந்தால் யாரை முதலில் வீட்டுக்கு அனுப்புவது, எல்லாவற்றுக்கும் அந்த நோட்டுதான். சாம்பாரை யார் ருசியாக வைக்கிறார் என்று அது பார்க்காது. எப்போது சேர்ந்தார் என்று மட்டும் பார்க்கும். மாஸ்டருக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போவதுதான் அதன் லாபம்.

பைலட்டின் நோட்டு

விமான நிறுவனத்தில் அந்த நோட்டுக்குப் பெயர் சீனியாரிட்டி லிஸ்ட். தமிழில் பணிமூப்புப் பட்டியல் என்பார்கள். மாஸ்டர் என்றால் கேப்டன், கைத்துணை என்றால் கோ-பைலட். கோட்டை அடுப்பு என்பது போயிங் 777, 787 போன்ற அகல உடல் விமானங்கள். சின்ன அடுப்பு ஏர்பஸ் ஏ320 போன்றவை.

திறமைக்கு மதிப்பில்லையா என்று கேட்கலாம். திறமையை லைசென்ஸும் தேர்வும் பார்த்துக்கொள்கின்றன. வணிக விமானி லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். கேப்டனாவதற்கு வேண்டிய ஏ.டி.பி.எல். லைசென்ஸுக்கு 1,500 மணி. அதற்குப் பிறகும் குறிப்பிட்ட இடைவெளியில் சிமுலேட்டரில் உட்கார்ந்து தேர்வில் தேறியாக வேண்டும். தேறாதவர் பறக்க முடியாது. தேறியவர்களுக்குள் யார் முதலில் என்ற கேள்விக்குத்தான் லிஸ்ட் பதில் சொல்கிறது.

எந்த விமானத்துக்குப் பயிற்சி கிடைக்கும், எப்போது கமாண்ட் (கேப்டன் பதவி) கிடைக்கும், எந்த ஊர் பேஸ், ஆட்குறைப்பில் யார் வெளியே, இவையெல்லாம் அந்த எண்ணோடு கட்டுண்டவை. அமெரிக்காவில் மாதா மாதம் எந்தப் பயணம் வேண்டும் என்று பைலட்டுகள் விருப்பம் எழுதிக் கொடுப்பதுகூட சீனியாரிட்டிப்படிதான் நிறைவேறும். கோ-பைலட் சம்பளத்துக்கும் அகல உடல் விமானக் கேப்டன் சம்பளத்துக்கும் உள்ள தூரம் பெரிது. ஆகவே லிஸ்டில் ஓர் எண் என்பது மரியாதைக்குரிய விஷயம் மட்டுமல்ல, அது சொத்து. பைலட்டின் அடுத்த இருபது வருட வருமானம் அதில் அடங்கியிருக்கிறது.

இந்தச் சொத்துக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. வேறு நிறுவனத்துக்கு எடுத்துப்போக முடியாது. பதினைந்து வருடம் பறந்த கேப்டன் வேறு கம்பெனியில் சேர்ந்தால், அங்கே புது ஆள். லிஸ்டின் கடைசிப் பெயர் அவருடையது. அதனால்தான் பைலட்டுகள் கசப்போடாவது ஒரே நிறுவனத்தில் கிடக்கிறார்கள். வெளியாள் ஒருவர் தன் பழைய வரிசையோடு உள்ளே வர ஒரே வழிதான் இருக்கிறது: இரண்டு நிறுவனங்கள் இணைவது. சண்டை தொடங்குவதும் அங்கேதான்.

இரண்டு நோட்டை ஒன்றாக்கும் நாள்

இரண்டு குழுவும் இனி ஒன்று என்று முடிவாகிவிட்டது. பலகையை மாற்றுவது, பாத்திரங்களில் புதுப் பெயர் வெட்டுவது, ஒரே நிறத்தில் சட்டை தைப்பது எல்லாம் ஒரு வாரத்து வேலை. நோட்டு மட்டும் நகராது. ஏனென்றால் இப்படி ஒரு கேள்வி வந்து நிற்கிறது.

சாமி பக்கத்து ஐந்தாம் ஆள் 2004-ல் சேர்ந்தவர். இருபது வருடம் அண்டா கிளறியவர். இன்னும் கைத்துணைதான், ஆனால் அவருக்கு முன்னால் இருக்கும் நான்கு மாஸ்டர்களும் இன்னும் ஐந்து வருடத்துக்குள் ஓய்வு பெறுகிறார்கள். அடுத்த இடம் அவருடையது. அம்மன் பக்கத்து மூன்றாம் ஆள் 2017-ல் சேர்ந்தவர். ஏற்கனவே மாஸ்டர். புது நோட்டில் யார் பெயர் மேலே?

"இருபது வருஷம் உழைச்சிருக்கேன்" என்கிறார் ஒருவர். "இன்னைக்கு நான் மாஸ்டர்" என்கிறார் மற்றவர். திருவாமாத்தூரில் வட்டப்பாறை என்று ஒன்று உண்டு. அண்ணன் தம்பி சொத்துத் தகராறில் பொய்ச் சத்தியம் செய்த கதையோடு சேர்த்து ஊரார் சொல்லும் இடம். அந்தப் பாறையில் நிறுத்தினாலும் இவர்கள் இருவரும் தைரியமாகச் சத்தியம் செய்யலாம். இருவர் சொல்வதும் உண்மை. இதுதான் சீனியாரிட்டித் தகராறின் சிக்கல். பொய் சொல்கிறவர் யாருமில்லை.

நோட்டை ஒன்றாக்க உலகத்தில் நான்கு வழக்கங்கள் உண்டு.

முதல் வழி, சேர்ந்த தேதி. யார் முன்னால் சேர்ந்தாரோ அவர் மேலே. கேட்க நியாயமாக இருக்கும். நம் கணக்கில் சாமி பக்கத்து 12 பேரும் மேலே, அம்மன் பக்கத்து ஆறு பேரும் அடியில்.

இரண்டாம் வழி, ஆள் விகிதம். 12-க்கு 6 என்றால் இரண்டுக்கு ஒன்று. சாமி பக்கம் இரண்டு பெயர், அம்மன் பக்கம் ஒரு பெயர் என்று கோத்துக்கொண்டே போவது.

மூன்றாம் வழி, இருக்கிற பதவிப்படி. முதலில் இரு பக்க மாஸ்டர்களையும் 4-க்கு 3 என்று கோப்பது. பிறகு கைத்துணைகளை 8-க்கு 3 என்று கோப்பது.

நான்காம் வழி, அடியில் ஒட்டுவது. வாங்கிய குழுவின் நோட்டு அப்படியே இருக்கும். வாங்கப்பட்ட குழுவின் பெயர்கள் அதன் கடைசிப் பக்கத்துக்குக் கீழே ஒட்டப்படும். 2001-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் சொத்துகளை வாங்கியபோது, டி.டபிள்யூ.ஏ. பைலட்டுகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இப்படித்தான் அடியில் ஒட்டப்பட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு ஆட்குறைப்பு வந்தது. ஆட்குறைப்பு லிஸ்டின் அடியிலிருந்துதான் தொடங்கும். பல வருட சர்வீஸ் போட்டவர்கள், நேற்றுச் சேர்ந்தவர்களுக்கு முன்பாக வீட்டுக்குப் போனார்கள்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

இணைந்த குழுவில் மாஸ்டர் இடம் ஏழு. சேர்ந்த தேதிப்படி போனால் முதல் ஏழு பெயரும் சாமி பக்கம். அங்கே மூன்று கைத்துணைகள் ஒரே நாளில் மாஸ்டர் ஆவதற்கு உரிமை பெறுகிறார்கள். அம்மன் பக்கத்து மூன்று மாஸ்டர்களும் கரண்டியைக் கொடுத்துவிட்டு மறுபடி வெங்காயம் உரிக்க வேண்டும்.

ஆள் விகிதப்படி போனால் முதல் ஏழு இடத்தில் சாமி பக்கம் ஐந்து பேர், அம்மன் பக்கம் இரண்டு பேர். நம் 2004-காரருக்கு ஏழாம் எண். 2017-காரருக்கு ஒன்பதாம் எண். அவருடைய மாஸ்டர் இடம் ஆட்டம் காண்கிறது.

பதவிப்படி போனால் ஏழு மாஸ்டர்களும் இன்றிருக்கும் இடத்திலேயே இருக்கிறார்கள். 2017-காரருக்கு ஆறாம் எண், 2004-காரருக்கு எட்டாம் எண். இன்று யாருக்கும் எதுவும் போகவில்லை என்று தோன்றும். ஐந்து வருடம் தள்ளிப் பாருங்கள். சாமி பக்கத்து நான்கு மாஸ்டர்களும் ஓய்வு பெற்றுவிட்டார்கள். குழு இணையாமல் இருந்திருந்தால் அந்த நான்கு இடமும் சாமி பக்கத்துக் கைத்துணைகள் நால்வருக்கும் போயிருக்கும். இப்போது மூன்று இடம்தான் அவர்களுக்கு. நான்காவது இடம் அம்மன் பக்கத்துக் கைத்துணை ஒருவருக்குப் போகிறது. அவருடைய பழைய குழுவில் மாஸ்டர்கள் இளவயது என்பதால், அவர் இன்னும் பதினைந்து வருடம் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும்.

ஒரு இடம்தானே என்று தோன்றலாம். 18 பேர் கொண்ட குழுவில் ஒன்று. ஐயாயிரம் பைலட் கொண்ட நிறுவனத்தில் அது எத்தனை பேரின் கதை என்று நினைத்துப் பாருங்கள். அதோடு, பெரும்பாலான இணைப்புகளில் இருக்கிறவரை இடத்தைவிட்டு எழுப்பக் கூடாது என்று ஒரு விதி எழுதிக்கொள்வார்கள். லிஸ்ட் இனி காலியாகும் இடத்துக்கு மட்டும்தான் பேசும். ஆகவே நஷ்டம் முதல் நாள் தெரியாது. பத்து வருடம் கழித்து, நெருப்பு முன்னால் வேர்த்துக்கொண்டு நிற்கும்போது தெரியும்.

நடுவர் கொடுத்த லிஸ்ட்

மேலே சொன்ன கணக்கு அமெரிக்காவில் அப்படியே நடந்தது. 2005-ல் யு.எஸ். ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்டும் இணைந்தன. யு.எஸ். ஏர்வேஸ் பழைய வீடு. ஆனால் நொடித்துப்போன வீடு. பல வருட சர்வீஸ் உள்ளவர்கள்கூட லிஸ்டின் அடிப்பாகத்தில் கிடந்தார்கள்; பலர் ஆட்குறைப்பில் வீட்டில் இருந்தார்கள். அமெரிக்கா வெஸ்ட் 1983-ல் தொடங்கிய இளைய நிறுவனம்.

ஜார்ஜ் நிக்கோலா என்ற நடுவர் 2007 மே மாதம் தீர்ப்புச் சொன்னார். அகல உடல் விமானம் ஓட்டுகிற யு.எஸ். ஏர்வேஸ் மூத்தவர்கள் சுமார் 500 பேரை உச்சியில் வைத்தார். நடுவில் விகிதப்படி கோத்தார். ஆட்குறைப்பில் இருந்தவர்களை அடியில் வைத்தார். பழைய வீட்டு ஆட்களுக்கு இது பொறுக்கவில்லை. அவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். 2008-ல் பழைய சங்கத்தையே ஓட்டுப் போட்டு வெளியேற்றி, சேர்ந்த தேதிதான் எங்கள் கொள்கை என்று சொல்லிப் புதுச் சங்கம் அமைத்தார்கள். வழக்குமேல் வழக்கு. ஒரே பெயரில் பறந்த நிறுவனத்தில் இரண்டு லிஸ்ட் நடந்தது. 2013 டிசம்பரில் அந்த நிறுவனம் அமெரிக்கன் ஏர்லைன்ஸோடு இணைந்து, 2016-ல் வேறொரு நடுவர் குழு மூன்று தரப்பையும் ஒரே லிஸ்டாக்கிய பிறகுதான் விவகாரம் அடங்கியது. 2005-ல் இணைந்தவர்கள் ஒரே வரிசையில் நிற்கப் பதினோரு வருடம்.

இதற்கு நேர் எதிரான கதையும் அங்கேயே உண்டு. டெல்டாவும் நார்த்வெஸ்டும் 2008 அக்டோபரில் இணைந்தன. இணைப்புக்கு முன்பே பைலட்டுகளுக்குப் பொதுவான சம்பள ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள். லிஸ்டை நடுவர் குழுவிடம் கொடுத்தார்கள். டிசம்பரில் தீர்ப்பு வந்துவிட்டது. அதில் ஒரு வேலியும் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு தரப்பும் கொண்டுவந்த பெரிய விமானங்கள் சில வருடங்களுக்கு அந்தந்தத் தரப்புக்கே. நம் கணக்கில் சொன்னால், நோட்டு ஒன்றாகிவிட்டது, ஆனால் கோட்டை அடுப்பு மாஸ்டர் வேலை இன்னும் சில வருடம் சாமி பக்கத்துக்கு. அதற்குள் இரு பக்கமும் பழகிவிடும்.

டி.டபிள்யூ.ஏ. கதையின் கசப்பிலிருந்து ஒரு சட்டமும் பிறந்தது. மிசௌரி மாநிலத்து செனட்டர்கள் கிளேர் மெக்காஸ்கில், கிட் பாண்ட் இருவரின் பெயரால் வழங்கும் 2007-ஆம் ஆண்டுத் திருத்தம் அது. லிஸ்டுகளை நியாயமாகவும் சமமாகவும் இணைக்க வேண்டும், பேசித் தீராவிட்டால் நடுவரிடம் போக வேண்டும் என்கிறது. அலெகனி, மொஹாக் என்ற இரண்டு நிறுவனங்கள் 1972-ல் இணைந்தபோது அரசு போட்ட நிபந்தனைகளைத்தான் அது சட்டமாக்கியது. எது நியாயம் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. எப்படிப் பேச வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. பாதிச் சண்டையை நிறுத்த அதுவே போதும்.

நம்மூர் அனுபவம்: 2007

இந்தியாவில் விமான நிறுவனங்களை இணைப்பது புதிதல்ல. 1953 ஆகஸ்ட் 1 அன்று எட்டு உள்நாட்டு நிறுவனங்கள் ஒன்றாகி இந்தியன் ஏர்லைன்ஸ் ஆயின. வெளிநாட்டுப் பயணங்கள் ஏர் இந்தியாவுக்குப் போயின. அதன்பின் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இரண்டும் அரசு நிறுவனங்கள்தான், ஆனால் தனித்தனிச் சமையல்கட்டு. ஏர் இந்தியாவில் கோட்டை அடுப்பு: போயிங் 747, 777. இந்தியன் ஏர்லைன்ஸில் நாள்தோறும் எரியும் சின்ன அடுப்பு: ஏ320 வகையறா. ஏர் இந்தியா பைலட்டுகளுக்கு இந்தியன் பைலட்ஸ் கில்ட் என்ற சங்கம். இந்தியன் ஏர்லைன்ஸ் பைலட்டுகளுக்கு இந்தியன் கமர்ஷியல் பைலட்ஸ் அசோசியேஷன்.

2007 ஆகஸ்டில் இரண்டும் நேஷனல் ஏவியேஷன் கம்பெனி ஆஃப் இந்தியா என்ற பெயரில் ஒன்றாயின. 2010-ல் அதுவே ஏர் இந்தியா லிமிடெட் ஆனது. பலகை மாறியது, வால் ஓவியம் மாறியது. நோட்டு மாறவில்லை. சம்பளக் கணக்கும் மாறவில்லை.

நம் திருவாமாத்தூர் கணக்கு இங்கே அச்சாகப் பொருந்தும். ஏ320-கள் நிறைய என்பதால் இந்தியன் ஏர்லைன்ஸ் கோ-பைலட் சீக்கிரம் கமாண்டர் ஆவார். பெரிய விமானங்கள் குறைவு என்பதால் ஏர் இந்தியா கோ-பைலட் கூடுதல் வருடம் காத்திருப்பார். ஒரே வருடத்தில் சேர்ந்த இருவரில் ஒருவர் நான்கு கோடு போட்ட கேப்டன், இன்னொருவர் இன்னும் மூன்று கோடு. கமாண்ட் தேதியைப் பார்த்தால் ஏர் இந்தியாக்காரருக்கு நஷ்டம். இருக்கிற விமானத்தைப் பார்த்தால் இந்தியன் ஏர்லைன்ஸ்காரருக்கு நஷ்டம்.

முதலில் வெடித்தது சம்பளம். 2011 ஏப்ரல் இறுதியில் இந்தியன் ஏர்லைன்ஸ் தரப்புப் பைலட்டுகள், ஒரே கம்பெனியில் ஒரே சம்பளம் வேண்டும் என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். பத்து நாள் நடந்தது. அதன்பின் அரசு நீதிபதி தர்மாதிகாரி தலைமையில் குழு அமைத்தது. சம்பளம், பதவி உயர்வு, சீனியாரிட்டி எல்லாவற்றையும் பார்த்து 2012 ஜனவரியில் அந்தக் குழு அறிக்கை கொடுத்தது. இணைப்பு நடந்து நான்கரை வருடம் கழித்து.

அடுத்து வெடித்தது புது அடுப்பு. இணைப்புக்கு முன்பே ஏர் இந்தியா 27 போயிங் 787 ட்ரீம்லைனர்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. அவை வந்து சேரும் நேரம், 787 பயிற்சியை இரு தரப்புக்கும் பகிர்ந்து கொடுக்க நிர்வாகம் முடிவு செய்தது. "இந்த அண்டா எங்கள் வீட்டில் சொல்லி வார்த்தது, எங்கள் ஆள் கமாண்டர் ஆவது இதை நம்பித்தான்" என்பது ஏர் இந்தியா தரப்பின் வாதம். "இப்போது ஒரே வீடு, வருகிற அண்டா எல்லாருக்கும்" என்பது எதிர்வாதம். 2012 மே மாதம் பைலட்ஸ் கில்ட் உறுப்பினர்கள் உடம்பு சரியில்லை என்று லீவு எழுதினார்கள். சங்கத்தின் அங்கீகாரம் ரத்தானது, பலர் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள், 58 நாள் கழித்து ஜூலையில் போராட்டம் முடிந்தது. முதல் ட்ரீம்லைனர் டெல்லியில் இறங்கியது செப்டம்பரில். அதாவது, அடுப்பு வந்து சேரும் முன்பே அடுப்புக்காகச் சண்டை நடந்து முடிந்திருந்தது.

தீ பார்க்கிறவர்

இதுவரை மாஸ்டரையும் கைத்துணையையும் பார்த்தோம். கோட்டை அடுப்பில் மூன்றாமவர் ஒருவர் உண்டு. விறகு தள்ளுவார், தீயை ஏற்றுவார், இறக்குவார், எந்த வாயில் அனல் குறைகிறது என்று கண் வைத்திருப்பார். கரண்டி அவர் கையில் இருக்காது. ஆனால் அவர் அசந்தால் பருப்பு அடிப்பிடிக்கும். விமானத்தில் அவர்தான் ஃப்ளைட் இன்ஜினியர். பைலட்டுகளுக்குப் பின்னால் பக்கவாட்டுப் பலகையைப் பார்த்து உட்கார்ந்து இன்ஜின், எரிபொருள், ஹைட்ராலிக், மின்சாரம், கேபின் அழுத்தம் எல்லாவற்றையும் கவனித்தவர். ஏர் இந்தியாவின் 707-லும் 1971-ல் வந்த 747-லும், இந்தியன் ஏர்லைன்ஸின் ஏ300-லும் அவர் இருந்தார்.

பிறகு கேஸ் பர்னர் வந்தது. குமிழைத் திருகினால் தீ. கம்ப்யூட்டர் அந்த வேலையைச் செய்யத் தொடங்கியதும், இருவர் மட்டும் ஓட்டும் விமானங்கள் வந்தன. இருவர் போதும், பாதுகாப்புக்குக் குறைவில்லை என்று அமெரிக்க அதிபர் அமைத்த குழு 1981-ல் சொன்னது. ஏர் இந்தியாவுக்கு ஏ310 1986-ல் வந்தது. இந்தியன் ஏர்லைன்ஸுக்கு ஏ320 1989-ல் வந்தது. இரண்டிலும் மூன்றாம் நாற்காலி இல்லை.

சீனியாரிட்டியில் ஃப்ளைட் இன்ஜினியரின் கதி என்ன? அது அவர் எந்த நோட்டில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. சில நிறுவனங்களில் மூன்றாம் நாற்காலி பைலட் ஏணியின் முதல் படி. அங்கே தீ பார்க்கிறவரும் பின்னாளில் மாஸ்டர் ஆகப் போகிறவர்தான். பைலட் லிஸ்டிலேயே அவருக்கு எண் உண்டு. வேறு சில நிறுவனங்களில் அவர் தொழில்முறை இன்ஜினியர். தனி லைசென்ஸ், தனிச் சங்கம், தனி நோட்டு. முதல் வகை வீடும் இரண்டாம் வகை வீடும் இணைந்தால் சிக்கல் இரட்டிப்பாகிறது. தனி நோட்டில் முதல் எண் வைத்திருப்பவருக்கு அந்த எண் அந்த நோட்டுக்குள் மட்டும்தான் செல்லுபடி. மூன்று பேர் விமானங்கள் விற்கப்பட்டால் எண் அப்படியே இருக்கும், நாற்காலி இருக்காது. பைலட் லைசென்ஸ் எடுத்து அந்தப் பக்கம் போனால், முப்பது வருட சர்வீஸோடு கடைசிப் பெயராக நிற்க வேண்டும்.

அமெரிக்காவில் 1950-களின் இறுதியில் ஜெட் விமானங்கள் வந்தபோது இந்தத் தகராறு முற்றியது. அதிபர் கென்னடி 1961-ல் ஃபைன்சிங்கர் என்பவர் தலைமையில் குழு அமைத்தார். 1962-ல் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் ஃப்ளைட் இன்ஜினியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நிறுவனம் பைலட்டுகளையே அந்த நாற்காலியில் உட்கார வைத்துப் பறந்தது. பெரும்பாலோருக்கு வேலை திரும்பவில்லை. நோட்டில் எண் பெரிதா, அடுப்பு முன்னால் நாற்காலி பெரிதா என்ற கேள்விக்கு விடை அன்றே கிடைத்துவிட்டது.

டாடா கைக்கு வந்த பிறகு

2022 ஜனவரி 27 அன்று ஏர் இந்தியா டாடா குழுமத்துக்குத் திரும்பியது. அப்போது டாடா வீட்டில் நான்கு அடுப்பு: ஏர் இந்தியா, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், ஏர் ஏசியா இந்தியா, சிங்கப்பூர் ஏர்லைன்ஸோடு கூட்டாக விஸ்தாரா. 2024 அக்டோபர் 1-ல் ஏர் ஏசியா இந்தியாவின் வாரிசு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸோடு இணைந்தது. நவம்பர் 12-ல் விஸ்தாரா ஏர் இந்தியாவோடு இணைந்தது. இணைந்த ஏர் இந்தியாவில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 25.1 சதவீதப் பங்கு.

விஸ்தாரா 2015 ஜனவரியில் பறக்கத் தொடங்கியது. சேர்ந்த தேதி என்ற அளவுகோலை எடுத்தால், அதன் மூத்த கேப்டன்கூட ஏர் இந்தியாவின் பழைய கேப்டன்களுக்குக் கீழேதான். இன்னொரு வேதனையும் இருந்தது. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றபோது வெளியே வந்த பலர் விஸ்தாராவில் புது ஆட்களாகச் சேர்ந்திருந்தார்கள். ஒருமுறை எண்ணை இழந்தவர்களுக்கு அது மறுபடியும் ஆட்டம் கண்டது.

இணைப்புக்கு முன்பே, 2024 ஏப்ரலில், இந்த அதிருப்தி வெளியே வந்தது. ஏர் இந்தியாவோடு ஒத்துப்போகும் புதிய ஒப்பந்தத்தில், உத்தரவாதச் சம்பளத்துக்கான பறக்கும் நேரம் மாதம் 70 மணியிலிருந்து 40 மணியாகக் குறைக்கப்பட்டது. பைலட்டுகள் பலர் லீவு போட, விஸ்தாரா தினமும் 25 முதல் 30 விமானங்கள் வரை குறைத்துக்கொண்டது. அடுத்த மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் கேபின் ஊழியர்கள் கூட்டாக லீவு போட்டார்கள். இணைப்புக்குப் பிறகு தங்கள் இடம் என்ன என்பதுதான் அங்கும் குறை.

சண்டை வராமல் இருக்க

மேலே சொன்ன கதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. எல்லாருக்கும் திருப்தியான லிஸ்ட் என்று ஒன்று கிடையாது. இடம் ஏழுதான் என்றால், எப்படிக் கோத்தாலும் ஒருவர் எட்டாவது ஆள். ஆனால் சண்டை வந்த இடங்களுக்கும் வராத இடங்களுக்கும் வித்தியாசம் லிஸ்டில் இல்லை, வேலையைச் செய்த வரிசையில் இருக்கிறது. டெல்டா சம்பளத்தை முதலில் சமன் செய்தது, லிஸ்டை உடனே நடுவரிடம் கொடுத்தது, பெரிய விமானங்களுக்கு வேலி போட்டது. ஏர் இந்தியா 2007-ல் பலகையை முதலில் மாற்றியது, சம்பளத்தையும் நோட்டையும் பிறகு பார்க்கலாம் என்றது. அந்தப் பிறகு 2012 வரை இழுத்தது.

இந்தியாவில் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டி.ஜி.சி.ஏ. பைலட்டின் லைசென்ஸைப் பார்க்கிறது, வேலை நேரத்தைப் பார்க்கிறது, உடல் தகுதியைப் பார்க்கிறது. சீனியாரிட்டி அதன் வேலை இல்லை. இணைப்புக்கு அனுமதி தரும் போட்டி ஆணையம் பயணிக்குப் போட்டி குறைகிறதா என்று பார்க்கிறது. நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் பங்குதாரரையும் கடன்காரரையும் பார்க்கிறது. காக்பிட்டின் வரிசையைப் பார்க்கக் கட்டாயப்பட்டவர் யாருமில்லை. மெக்காஸ்கில்-பாண்ட் போல, இணைப்பு மனுவோடு சீனியாரிட்டி எப்படித் தீர்க்கப்படும் என்ற திட்டமும் சேர்ந்து வர வேண்டும், பேச்சு முறிந்தால் நடுவர் தீர்ப்பே முடிவு என்று நாமும் எழுதி வைக்கலாம். பெரிய செலவு பிடிக்கிற காரியமில்லை.

கடைசியாக ஒன்று. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நிலத்தை அடகு வைத்துப் பிள்ளையைப் பைலட் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் இப்போது இருக்கிறார்கள். வேலை நியமனக் கடிதம் கையில் வந்ததும் சம்பளத்தை மட்டும் பார்க்காதீர்கள். நிறுவனம் விற்கப்பட்டாலோ இணைக்கப்பட்டாலோ சீனியாரிட்டி எப்படிக் கணக்கிடப்படும் என்று அதில் ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லை என்றால் கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள்.